ஜேமர்சனின் ஒற்றை விரல்

பேஸ் கிட்டார் பழகும் வாசகர் ஒருவர், ‘வேகமாக வாசிப்பவர்தான் பெரிய கலைஞரா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை என்பேன். சாட்சிக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் இருக்கிறார்.

1936இல் தென் கரோலைனாவில் பிறந்து, பதின்வயதில் டெட்ராய்ட்டுக்கு வந்தவர். 1960களில் மோடவுன் நிறுவனம் வெளியிட்ட ஏராளமான வெற்றிப் பாடல்களில் ஒலிப்பது இவருடைய பேஸ்தான். அதுவரை பாப் பாடல்களில் பேஸ் பெரும்பாலும் கார்டின் ஆதார சுரத்தைத் தொட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும். இவர் வாசிப்பிலோ, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் தானே ஒரு மெட்டைப் பாடும். அரைச் சுரங்களின் வழியே நழுவி, தாளத்தின் அடி விழும் முன்பே போய் நின்றுகொள்ளும். அதே மனிதர் ‘மை கேர்ள்’ பாடலின் தொடக்கத்தில் சில சுரங்களோடு நிறுத்திக்கொண்டார். எங்கே அடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தீராத வியப்பு அவருடைய வலது கைதான். மற்றவர்கள் இரண்டு விரல்களை மாற்றி மாற்றி மீட்ட, இவர் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். ‘கொக்கி’ என்றே அதற்குப் பட்டப்பெயர். பள்ளியில் நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் கற்ற பழக்கம் அது. ஒரே விரல் என்பதால் ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் விழும்.

அறுந்தால் ஒழியத் தந்தியை மாற்றவும் மாட்டார். புதுத் தந்தி கணீரென்று நீளமாக ஒலிக்கும். அழுக்கேறியது ‘தும்’மென்று விழுந்து அடங்கும். அவருக்கு வேண்டியது அந்தத் ‘தும்’தான். பழகிய தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்க்க விடாத என் பாட்டிக்கு இது உடனே புரிந்திருக்கும்.

இத்தனை வாசித்தும், இசைத்தட்டு உறைகளில் பல ஆண்டுகள் அவர் பெயரே இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் அந்தக் குறை நீங்கியது. 1983இல் அவர் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல்! நாமும் பாடகரையும் இசையமைப்பாளரையும் கொண்டாடிவிட்டு, வாசித்தவரை விட்டுவிடுகிறோம். போதாக்குறைக்குப் பாட்டைக் கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் கேட்கிறோம். பேஸின் அடித் தந்தி எழுப்பும் சுமார் 41 ஹெர்ட்ஸ் அதிர்வு அதில் வரவே வராது.

ஆகவே வாசகரே, ஜேமர்சன் வாசித்து 1967இல் வந்த ‘பெர்னடெட்’ பாடலை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஒருமுறை பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டு ஒன்றையும் அப்படியே கேட்டு, அதில் பேஸ் வாசித்தவர் யாரென்று தேடிப் பாருங்கள்.