கல்லூரிக் கட்டணமும் கடை முதலும்
மாணவர் நிதியுதவிக்கு மாநில ஆலோசனை வாரியம் வேண்டும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் மாதங்களில் நம் கடைத்தெருவைக் கவனித்திருப்பீர்கள். திண்டுக்கல் மேற்கு ரத வீதியானாலும், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர் கடைவீதிகளானாலும் நிலைமை ஒன்றுதான். பத்து மூட்டை சரக்கு எடுக்கிற சில்லறை வியாபாரி ஆறு மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறார். மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய பாக்கி அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போகிறது. விற்பனை படுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. சரக்கில் நிற்க வேண்டிய பணம் மகன் அல்லது மகளின் கல்லூரிக் கட்டணமாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பிள்ளையின் படிப்புக்குச் செலவிடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடை முதலை எடுத்துக் கட்டணம் கட்டினால் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு வழி எங்கே? முதலுக்கே மோசம் வந்த பிறகு லாபத்தைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை. அரசு உதவித் திட்டங்கள் இத்தனை இருக்கும்போது சிறு வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அவை ஏன் எட்டுவதில்லை என்பதை நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2010-ல் கொண்டுவந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு அந்தந்தத் துறையின் உதவித்தொகைகள் இருக்கின்றன. மத்திய அரசின் வட்டி மானியம் 2009-10 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதமரின் வித்யாலட்சுமித் திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

பட்டியல் நீளம்தான். ஆனால் ஒன்று உயர்கல்வித் துறையில், ஒன்று சமூக நலத் துறையில், ஒன்று பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையில், இன்னொன்று வங்கியில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி, தனி வருமான வரம்பு. காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்க முடியும்?

நடுவில் நிற்பவர் நாம்

பெரும் செல்வந்தருக்கு உதவி தேவையில்லை. மிக ஏழைக் குடும்பத்துக்குச் சில உதவிகளாவது உண்டு. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நடுவில் நிற்கிற சிறு வணிகரிடம் என்ன இருக்கிறது?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருக்க வேண்டும் என்பது சில திட்டங்களின் அடிப்படை நிபந்தனை. நம்மில் பலர் வயிற்றைக் கட்டிப் பிள்ளையை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அனுப்பினோம். அந்தக் கதவு அங்கேயே அடைபட்டது. முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் மூத்த பிள்ளை பட்டம் வாங்கியிருந்தால் இளைய பிள்ளைக்கு அது இல்லை.

அடுத்தது வருமானக் கணக்கு. நாளொன்றுக்கு 10,000 ரூபாய் விற்கும் மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 360 நாள் கடை திறந்தால் விற்பனை 36 லட்சம். கேட்பவருக்குப் பெரிய பணக்காரர் போலத் தோன்றும். ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெயில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பது நமக்குத்தான் தெரியும். கடை வாடகை, மின் கட்டணம், ஆள் கூலி, வராத பற்று எல்லாம் போகக் கையில் நிற்பது சொற்பம்.

வருமான வரியில் சிறு வணிகருக்கு உத்தேச வருமான முறை உண்டு. ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வரும் விற்பனையில் 6 சதவீதம் என்று லாபத்தைக் காட்டலாம். முழுதும் ரொக்கமென்றால் 36 லட்சத்துக்கு 2,88,000 ரூபாய். பாதி ரொக்கம், பாதி செல்போன் வழிப் பணம் என்றால் 2,52,000 ரூபாய். பல உதவித்தொகைகளுக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் என்றே நெடுநாளாக இருந்து வருகிறது. வரிக் கணக்கில் உள்ள தொகையே வருமானச் சான்றுக்கும் அடிப்படையானால், வெறும் 2,000 ரூபாய் வித்தியாசத்தில் அந்தப் பிள்ளையின் உதவித்தொகை போய்விடுகிறது. முறையாகக் கணக்குக் காட்டியவருக்குக் கிடைக்கும் பரிசு இது!

கல்விக் கடனின் கணக்கு

உதவித்தொகை இல்லையென்றால் மிஞ்சுவது வங்கிக் கடன். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டப்படி 4 லட்ச ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். 2015-ல் வந்த கடன் உத்தரவாத நிதியின் கீழ் 7.5 லட்சம் வரை ஈடும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் கடன் தர வழி உண்டு. மாணவரின் வீடு வங்கிக் கிளையின் சேவைப் பகுதிக்கு வெளியே இருக்கிறது என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே அறிவுறுத்தியிருக்கிறது.

நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை; அதுவரை தனிவட்டி மட்டும் ஏறும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடும். பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதம் சுமார் 7,100 ரூபாய்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள தொழிற்படிப்பானால் இந்த 1,40,000 ரூபாயை மத்திய அரசு வட்டி மானியமாக ஏற்கும். தவணை சுமார் 5,300 ரூபாயாகக் குறையும். வருமானச் சான்றில் 4,60,000 என்று எழுதப்பட்டால் அந்த மானியம் இல்லை. வித்யாலட்சுமித் திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் அது பட்டியலிட்ட கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே.

இந்த விவரம் தெரியாதவர் கடைசி நேரத்தில் மூன்று வட்டிக்குப் போகிறார். அதே 1 லட்சத்துக்கு மாதம் 3,000 வீதம் ஐந்து ஆண்டில் 1,80,000 ரூபாய் வட்டி மட்டும். வங்கியில் 50,000. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் கை நீட்டியவர் யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

மற்ற மாநிலங்கள் செய்தது

பீகார் அரசு 2016 அக்டோபர் 2-ம் தேதி மாணவர் கடன் அட்டைத் திட்டத்தைத் தொடங்கி 4 லட்சம் வரை கடனுக்கு வழி செய்தது. வங்கிகள் மூலம் எதிர்பார்த்த வேகம் வராததால் 2018-ல் கல்விக் கடனுக்கென்றே மாநில நிதிக் கழகம் ஒன்றை ஏற்படுத்தியது. மேற்கு வங்கம் 2021-ல் மாநில அரசின் உத்தரவாதத்தோடு 10 லட்சம் வரை 4 சதவீதத் தனிவட்டிக் கடன் திட்டம் கொண்டுவந்தது. கேரளம் 2017-ல், கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு உதவத் தனித் திட்டம் வகுத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955 முதலே மாணவர் நிதியுதவிக்கெனத் தனி ஆணையம் இயங்குகிறது; அதில் மாணவர்களும் உறுப்பினர்கள்.

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்த்து, யார் விடுபட்டார் என்று கேட்க ஓர் அமைப்புதான் வேண்டும்.

வாரியம் எப்படி இருக்க வேண்டும்?

இது நமக்குப் புதிய யோசனை அல்ல. வணிகர் நல வாரியம் 1989-ல் அமைக்கப்பட்டதன் பயனை நாம் அறிவோம். அதில் அதிகாரிகளோடு வணிகர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் அதன் பணிகளில் ஒன்று.

இன்னும் பின்னே போனால் மகமை இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாமே வைத்த அந்தப் பொதுப் பணத்தில்தான் விருதுநகர் வணிகர்கள் 1889-ல் சத்திரிய வித்தியாசாலையை ஏற்படுத்தினார்கள். பணம் கொடுத்தவரும், செலவை முடிவு செய்தவரும், பயன் பெற்றவரும் ஒரே தெருவில் இருந்ததால் தேவை என்னவென்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஆலோசனை வாரியத்துக்கும் அதே குணம் வேண்டும்.

உயர்கல்வி, நிதி, வருவாய், நலத் துறைகளின் அதிகாரிகள், மாநில வங்கியாளர் குழுவின் பிரதிநிதி, கல்லூரி முதல்வர்கள், மாணவர்கள், பெற்றோர்கள் ஆகியோரோடு சிறு வணிகர், விவசாயி, நெசவாளர் தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். சின்னாளப்பட்டி நெசவாளருக்கும் நிலக்கோட்டைப் பூ விவசாயிக்கும் இருப்பது நம்முடைய சிக்கலேதான்: நிலையில்லாத வருமானம், கையில் சம்பளச் சீட்டு இல்லாமை.

வாரியத்தின் முன் முதலில் வைக்க வேண்டியவை நான்கு:

ஒன்று, எல்லா உதவிகளுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கால அட்டவணை. கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே எவ்வளவு கிடைக்கும் என்பது தெரிய வேண்டும்.

இரண்டு, சிறு வணிகரின் வருமானத்தைக் கணக்கிடத் தெளிவான விதி. விற்பனையை வருமானமாகப் பார்க்கக் கூடாது. வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு உதவி முழுவதும் போகாமல் படிப்படியாகக் குறைய வேண்டும்.

மூன்று, நிராகரித்த விண்ணப்பங்களின் பட்டியல். எந்த மாவட்டத்தில் எத்தனை, என்ன காரணம் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நான்கு, கல்விக் கட்டணத்தோடு விடுதி, பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்து உண்மையான செலவை மதிப்பிட வேண்டும். கொடைக்கானல் மலைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கிற பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிட விடுதிக் கட்டணமே பாரம்.

இன்னொரு குழு எதற்கு?

வாரியம் அமைத்தால் படிச் செலவும் தேநீர்ச் செலவும்தான் மிச்சம் என்று சொல்வோர் உண்டு. அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கும் மத்திய அரசுக்கும் கட்டுப்பட்டவை. மாநில வாரியம் அவற்றுக்கு உத்தரவு போட முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் ஆலோசனை வாரியம் என்கிறோம். உத்தரவு போட அதிகாரம் இல்லாவிட்டாலும் கணக்குக் கேட்க அதிகாரம் வேண்டும். சேர்க்கைக்கு முன் ஒரு கூட்டம், சேர்க்கை முடிந்த பின் ஒரு கூட்டம், ஆண்டு முடிவில் சட்டமன்றத்தில் ஓர் அறிக்கை. இவை கட்டாயம் என்று இருந்தால் அது பெயரளவு வாரியமாக இருக்காது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கல்விக் கடன் இனாம் அல்ல. பிள்ளை தவணை தவறினால் சேர்ந்து கையெழுத்திட்ட தந்தையின் கடன் மதிப்பெண்ணும் விழும். பிறகு கடைக்கு வாங்கிய ஓவர் டிராப்டைப் புதுப்பிப்பதிலும், முத்ரா கடன் கேட்பதிலும் சிக்கல் வரும். வாங்கிய கடனை ஒழுங்காக அடைப்பவர்கள் என்ற நம் பெயர்தான் அடுத்த தெருப் பிள்ளைக்குக் கடன் வாங்கித் தரும்.

வாரியம் வரும் வரை

பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கை ஒழுங்குபடுத்தி வையுங்கள். ரொக்க விற்பனையையும் வங்கி வழி விற்பனையையும் தனித்தனியே எழுதுங்கள். சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகளைத் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். கலந்தாய்வில் கிடைத்த இடத்தையும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தையும் வங்கிகள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நன்கொடை கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் உள்ள காரணத்தை மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடமும் ஆட்சியரிடமும் கொண்டுபோக முடியும். படிப்புக் காலத்திலேயே மாத வட்டியைக் கட்டி வந்தால் வட்டி விகிதத்தில் சலுகை உண்டா என்றும் கிளையில் விசாரியுங்கள். முதல் ஆண்டில் 1 லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய்தான் வரும்.

ஆண்டுதோறும் மே 5-ம் தேதி வணிகர் தினம் கொண்டாடுகிறோம். வரி, உரிமம், அந்நிய முதலீடு பற்றித் தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம். அந்த வரிசையில் மாணவர் நிதியுதவிக்கு மாநில ஆலோசனை வாரியம் என்ற தீர்மானமும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் உறுப்பினர் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள், எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது, எத்தனை பேருக்கு என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கட்டும். கோரிக்கையோடு அந்தக் கணக்கையும் சேர்த்து வைத்தால் அரசு அதைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல. கணக்கு எழுதுவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா என்ன?