மூன்று திருகு ரிவால்வர்

டகாட்டா நிறுவனத்தின் கார் ஏர்பேக் விவகாரம் நினைவிருக்கலாம். உயிர் காக்க வேண்டிய பை உயிரைப் பறித்தபோது, அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை தலையிட்டு, ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற வைத்தது. அதே நாட்டில் ஒரு கைத்துப்பாக்கியின் பாதுகாப்பு அமைப்பு கோளாறானது என்று தெரியவந்தால், அதைத் திரும்பப் பெறும்படி எந்த அரசுத் துறை உத்தரவிடும்? மத்திய அரசில் அப்படி ஒரு துறையே இல்லை. இதற்கு ரூகர் ரிவால்வரின் கதையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1950களில் அமெரிக்கத் திரையரங்குகளிலும் தொலைக்காட்சியிலும் கௌபாய்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்கள் இடுப்பில் தொங்கிய கோல்ட் ரிவால்வர் 1873ஆம் ஆண்டு வடிவம். அதே தோற்றத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் 1953இல் ‘சிங்கிள் சிக்ஸ்’ ரிவால்வரையும் 1955இல் ‘பிளாக்ஹாக்’ ரிவால்வரையும் கொண்டுவந்தது. நல்ல எஃகு, நல்ல சுருள்வில், கட்டுப்படியாகும் விலை. பல லட்சம் விற்றன. தோற்றத்தோடு 1873இன் ஆபத்து ஒன்றும் கூடவே வந்தது.

இந்த ரிவால்வரில் விசையை அழுத்தினால், பின்னால் இழுத்து நிறுத்திய ‘குதிரை’ என்னும் சுத்தியல் முன்னால் பாய்ந்து ஒரு ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் அடியில் உள்ள பற்றுமருந்தைக் குத்தும், தோட்டா வெடிக்கும். சுடாத நேரத்தில் குதிரை எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். முழுவதும் கீழே படுத்திருந்தால் அது ஊசியின் மேல் சாய்ந்திருக்கும், எதிரே தோட்டா. அந்த நிலையில் துப்பாக்கி கைநழுவிக் கல்லில் குதிரை மோதினால், யாரும் விசையைத் தொடாமலேயே குண்டு பாயும். இதைத் தடுக்கக் குதிரையில் ஒரு சிறு வெட்டு உண்டு. குதிரையைச் சற்றே பின்னுக்கு இழுத்தால் விசையின் முனை அந்த வெட்டில் போய் உட்காரும். பாதுகாப்பு என்று சொல்லப்பட்டது இவ்வளவுதான். மெல்லிய எஃகு முனை ஒன்று, பலமான ஒரே அடியில் முறிந்துவிடக்கூடியது. அனுபவஸ்தர்கள் இதை நம்பியதில்லை. ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, குதிரைக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவார்கள். கடையில் புதிதாக வாங்கியவருக்கு இந்தப் பழக்கம் எப்படித் தெரியும்?

விபத்துகள் நடந்தன, வழக்குகள் வந்தன. அலாஸ்காவில் ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து தோட்டாக்களை வெளியே எடுக்க முயன்றபோது ரிவால்வர் நழுவி வெடித்தது. குண்டு அவர் காலில் பாய்ந்தது. நடுவர் குழு தண்டனைத் தொகையாக மட்டும் சுமார் 29 லட்சம் டாலர் விதித்தது. வழக்கு 1979இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் வரை போனது. தொகை அதிகம் என்று அந்த நீதிமன்றம் குறைத்தது. நிறுவனத்தின் பொறுப்பைத் தள்ளுபடி செய்யவில்லை.

இதற்குள் 1973இல் ரூகர் ‘நியூ மாடல்’ ரிவால்வரைக் கொண்டுவந்திருந்தது. அதில் குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சிறு எஃகுத் தகடு. விசையை அழுத்தினால்தான் அது மேலே எழும். குதிரை தகட்டை அடிக்க, தகடு ஊசியை அடிக்கும். விசையை விட்டதும் தகடு கீழே இறங்கிவிடும். அதன்பின் குதிரையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஊசிக்கு அடி போய்ச் சேராது. ஆறு அறைகளிலும் தோட்டா போட்டுப் பயமில்லாமல் எடுத்துச் செல்லலாம். எளிமையான, அருமையான தீர்வு.

பழைய துப்பாக்கிகளுக்கு என்ன வழி? 1982இல் நிறுவனம் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. பழைய ரிவால்வரை அனுப்பினால் உள்ளே தகடு பொருத்தி இலவசமாகத் திருப்பித் தருவார்கள். கழற்றிய பழைய பாகங்களும் கூடவே வரும். பாராட்டத்தக்க செயல்தான். ஆனால் கட்டாயமில்லை. அனுப்பாதவர்கள் ஏராளம். மாற்றியபின் விசை முன்போல வழுக்கவில்லை என்பது சிலர் குறை. மாற்றாத துப்பாக்கிக்குத்தான் சேகரிப்பாளர் சந்தையில் விலை அதிகம் என்பது இன்னும் பெரிய காரணம். கோளாறோடு இருப்பதற்கு விலை கூடுகிறது! இப்படி ஒரு சந்தை வேறெந்தக் கருவிக்கும் வாய்த்திருக்காது.

அரசு ஏன் கட்டாயப்படுத்தவில்லை? அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிகளை அதன் வரம்புக்கு வெளியே வைத்தது. 1976இல் நாடாளுமன்றம் இந்தத் தடையை மேலும் இறுக்கியது. குழந்தையின் விளையாட்டுத் துப்பாக்கியில் கோளாறு என்றால் ஆணையம் நடவடிக்கை எடுக்கலாம். அப்பாவின் நிஜத் துப்பாக்கியைத் தொட முடியாது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் கைத்துப்பாக்கியைக் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையைச் சட்டமாக்கின. அதுவும் போதாது என்பதை 2017 காட்டியது. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி வழக்கமான சோதனைகளில் தேறியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் தரையில் மோதினால் வெடித்தது. விசையின் எடையே, விழும் வேகத்தில், விசையைப் பின்னுக்குத் தள்ளியது. நிறுவனம் இலகுவான விசை பொருத்தித் தர முன்வந்தது. அதற்குத் ‘திரும்பப் பெறுதல்’ என்று பெயரிடவில்லை, ‘விருப்ப மேம்பாடு’ என்றது. ஆபத்தான பொருளைச் சரிசெய்வதை வாங்கியவரின் விருப்பத்துக்கு விடுவது தவறு. காருக்கு உள்ள சட்டம் துப்பாக்கிக்கும் வர வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் யாரிடமாவது இப்படியொரு பழைய ரூகர் இருந்தால், தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கி உடலின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று திருகுகள் தெரிந்தால் அது பழைய மாடல். இரண்டு ஆணிகள் இருந்தால் புதியது. மூன்று திருகு ரிவால்வருக்குள் தகடு பொருத்தியாகிவிட்டதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதில் தோட்டா போடாதீர்கள். உள்ளூர்க் கடையில் அரத்தால் ராவிச் சரிசெய்யக் கொடுக்க வேண்டாம். தயாரித்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். செலவு அவர்களுடையது.