அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்டல்

அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்டல் என்பது வன்தட்டு, பென் டிரைவ், நினைவக அட்டை போன்ற சேமிப்புக் கருவிகளில் தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்புகளைத் திரும்பப் பெறும் செயல்முறை ஆகும். கோப்பு ஒன்றை அழிக்கும்போது பெரும்பாலான இயக்குதளங்கள் அதன் உள்ளடக்கத்தை உடனே அழிப்பதில்லை. அது இருக்கும் இடத்தைப் பற்றிய குறிப்பை மட்டுமே நீக்குகின்றன. மீட்பு இயல்வதற்கு இதுவே அடிப்படை. அதே இடத்தில் வேறு தரவு எழுதப்பட்டுவிட்டால் பழைய உள்ளடக்கத்தை மீட்க இயலாது. தமிழ் ஆவணங்கள் அடங்கிய பழைய காப்பு வன்தட்டுகளில், எழுத்துக் குறிமுறையை மாற்றும் பணியும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

அழிக்கும்போது நடப்பது

வன்தட்டு சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தக் கோப்பு எந்தத் தொகுதிகளில் உள்ளது என்னும் பதிவேட்டைக் கோப்பு முறைமை பேணுகிறது. இதனை ஓர் ஊரின் நிலப் பதிவேட்டுடன் ஒப்பிடலாம். திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரில் ஒரு வயலுக்குரிய பதிவு அடிக்கப்பட்டாலும், வயலும் அதில் நிற்கும் பயிரும் அப்படியே இருக்கும். அந்நிலம் காலி என்று எண்ணி வேறொருவர் உழுது விதைக்கும்போதுதான் பழைய பயிர் அழியும்.

பதிவை நீக்கும் முறை கோப்பு முறைமைக்கு ஏற்ப வேறுபடும்.

- ஃபாட்: கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்னும் எண் இடப்படும். கோப்பின் தொடக்க இடமும் அளவும் எஞ்சியிருக்கும்; அடுத்தடுத்த தொகுதிகளைக் காட்டும் சங்கிலி நீக்கப்படும். எனவே துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை மீட்பது கடினம்.
- என்.டி.எஃப்.எஸ்.: முதன்மைக் கோப்பு அட்டவணையில் அக்கோப்பின் பதிவு 'பயன்பாட்டில் இல்லை' எனக் குறிக்கப்படும். அப்பதிவு வேறு கோப்புக்கு வழங்கப்படும் வரை இட விவரம் எஞ்சியிருக்கக்கூடும்.
- இ.எக்ஸ்.டி.3: லினக்சில் பயன்பட்ட இம்முறைமையில் தொகுதிகளின் முகவரிகளே சுழியாக்கப்படுவதால் மீட்பு மிகவும் கடினம்.

விரைவு வடிவமைப்பு பதிவேட்டை மட்டுமே புதிதாக்கும். விண்டோசு விசுட்டா முதலாக, முழு வடிவமைப்பு வன்தட்டு முழுவதிலும் சுழிகளை எழுதுகிறது. அதன் பின் மீட்க எதுவும் இராது.

வரலாறு

பீட்டர் நார்ட்டன் 1982இல் வெளியிட்ட நார்ட்டன் யுட்டிலிட்டீசு மென்பொருள் தொகுப்பு, அழித்த கோப்பை மீட்கும் வசதியைப் பரவலாக்கியது. 1991இல் வெளியான எம்.எசு.-டாசு 5.0 பதிப்பில் இதற்கெனத் தனிக் கட்டளை சேர்க்கப்பட்டது. விண்டோசு 95, அழித்த கோப்புகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் குப்பைத் தொட்டியை அறிமுகப்படுத்தியது. பென் டிரைவில் இருந்து அழிக்கும் கோப்புகள் பொதுவாக இத்தொட்டிக்குச் செல்வதில்லை.

பழைய வன்தட்டு மீட்புக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கொலம்பியா விண்ணோடம் ஆகும். 2003 பெப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்த விபத்தின் சிதைவுகளில் ஒரு வன்தட்டு கிடைத்தது. செனான் வளிமத்தின் பாகுநிலை குறித்த ஆய்வின் தரவு அதில் இருந்தது. குரோல் ஆன்டிராக் நிறுவனம் அதிலிருந்து ஏறத்தாழ 99 விழுக்காட்டுத் தரவை மீட்டது. ஆய்வு முடிவுகள் 2008இல் வெளியாயின. அக்கணினியின் டாசு இயக்குதளம் தரவைத் தட்டெங்கும் சிதறடிக்காமல் எழுதியிருந்தது மீட்புக்கு உதவியது.

மீட்கும் முறை

1. கோப்பு அழிந்தது தெரிந்தவுடன் அந்த வன்தட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவக்கூடாது.
2. வன்தட்டை வேறு கணினியில் இணைக்க வேண்டும். பழைய ஐ.டி.இ. வகை வன்தட்டுகளுக்கு யு.எசு.பி. மாற்றி தேவைப்படும்.
3. வன்தட்டு முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக வேறொரு தட்டில் நகலெடுக்க வேண்டும். குனூ டிடிரெசுக்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள், முதலில் படிக்கத்தக்க பகுதிகளை எடுத்துவிட்டுப் பழுதான பகுதிகளைப் பின்னர் முயலும்.
4. மீட்புப் பணியை அந்தப் படிமத்திலேயே செய்ய வேண்டும். மீட்ட கோப்புகளையும் மூல வன்தட்டில் சேமிக்கக்கூடாது.

பதிவேடு எஞ்சியிருந்தால் பெயருடன் கோப்பு கிடைக்கும். பதிவேடு அழிந்திருந்தால் உள்ளடக்கத்தின் அடையாளத்தைக் கொண்டு தேட வேண்டும். சேபெக் படம் 255, 216 என்னும் பைட்டுகளில் தொடங்கி 255, 217 என்பவற்றில் முடியும். பழைய வேர்டு ஆவணம் 208, 207, 17, 224 எனத் தொடங்கும். கிறிசுட்டோப் கிரேனியே உருவாக்கிய ஃபோட்டோரெக் இவ்வாறு செயற்படும் கட்டற்ற மென்பொருள். இம்முறையில் கோப்பின் பெயரும் அடைவும் பொதுவாகக் கிடைப்பதில்லை.

தமிழ்க் கோப்புகளும் குறிமுறையும்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் திசுக்கி, தாம், தாப், பாமினி எனப் பல குறிமுறைகளில் எழுதப்பட்டன. தாம், தாப் இரண்டும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டவை. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆகவே அதற்கு முற்பட்ட வன்தட்டுகளில் கிடைக்கும் கோப்பு, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவோ குறிகளாகவோ தோன்றலாம்.

இதனைச் சிதைந்த கோப்பு எனக் கருதி அழித்துவிடும் வாய்ப்பு உண்டு. உண்மையில் உரை முழுமையாக இருக்கக்கூடும். ஒரே குறிகள் சீரான இடைவெளிகளுடன் மீண்டும் மீண்டும் வருமானால் அது பழைய குறிமுறையில் அமைந்த உரையாக இருக்கலாம். என்.எச்.எம். மாற்றி போன்ற மென்பொருள்கள் இத்தகைய உரையை ஒருங்குறிக்கு மாற்றுகின்றன. சில எழுத்துருக்கள் தமக்கேயுரிய குறிமுறையைக் கொண்டவை. எனவே ஆவணத்துடன் அதே வன்தட்டில் இருந்த எழுத்துருக் கோப்புகளையும் மீட்டு வைப்பது பயனுள்ளது. படிமத்தில் ஒருங்குறித் தமிழ்ச் சொல்லைக் கொண்டு தேடினால் இவ்வாவணங்கள் அகப்படா என்பதும் கருதத்தக்கது.

வரம்புகள்

திண்மநிலைச் சேமிப்பகங்களில், அழித்த இடங்களை இயக்குதளம் டிரிம் கட்டளை மூலம் அறிவிக்கிறது. விண்டோசு 7 (2009) முதல் இவ்வசதி உள்ளது. அவ்விடங்கள் விரைவில் துடைக்கப்படுவதால் மீட்பு பெரும்பாலும் இயலாது. வன்தட்டில் 'டிக் டிக்' ஒலி கேட்டால் படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம். தொடர்ந்து இயக்கினால் தட்டின் பரப்பு கீறப்படும். அதனை வீட்டில் திறக்காமல், தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும். மீட்பு எளிது என்பதாலேயே, கோப்புகளை அழித்துவிட்டு மட்டும் பழைய வன்தட்டை விற்பது பாதுகாப்பானதன்று.

முற்காப்பு

1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் சுடோரி 2' திரைப்படத்தின் கோப்புகள் ஒரு கட்டளையால் அழிந்தபோது, காப்புப் பிரதியும் பழுதாகியிருந்தது தெரியவந்தது. பணியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே படத்தைக் காத்தது. காப்புப் பிரதியை அவ்வப்போது திறந்து சோதிப்பதும், ஒரு பிரதியை வேறு இடத்தில் வைப்பதும் இதனால் வலியுறுத்தப்படுகின்றன. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களைக் காலந்தோறும் புதிய குறிமுறைக்கு மாற்றி வந்ததால் அவை இன்றும் படிக்கத்தக்கனவாக உள்ளன.