துப்பாக்கிகளில் கிளைத்த வாழ்வின் மரம்

மண்ணில் வேரூன்றி விண்ணை நோக்கி உயரும் மரத்தை ஈருலகையும் இணைக்கும் பாலமாகக் கண்ட மக்களினங்கள் பல. வட ஐரோப்பியரின் பழங்கதையில் உலகனைத்தையும் ஒரு மரமே தாங்கி நிற்கிறது. நம் நாட்டுப் புராணங்களோ கேட்டதை ஈயும் கற்பகத்தருவைப் பேசுகின்றன. விவிலியம் ஏதேன் தோட்டத்தின் நடுவே வாழ்வின் மரத்தைக் காட்டித் தொடங்குகிறது. அம்மரத்தின் இலைகள் மக்களினங்களைக் குணமாக்கும் எனத் திருவெளிப்பாட்டின் இறுதி அதிகாரம் கூறுகிறது. இம்மரத்தைக் கல்லில் வடித்தோர் எண்ணற்றோர். கொலைக் கருவிகளைக் கொண்டே அதனை உருவாக்கியவர்கள் மொசாம்பிக் நாட்டுச் சிற்பிகள் நால்வர்.

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள அந்நாடு 1975-இல் விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. போரிலும் அதனோடு வந்த பஞ்சத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மடிந்தனர் என்பர். 1992 அக்டோபர் 4-ஆம் நாள், அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளன்று, உரோமையில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதற்கு நடுநின்று உழைத்தது சந்த் எஜிதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழு. போர் ஓய்ந்தது, ஆயினும் ஆயுதங்கள் இலட்சக்கணக்கில் மக்களிடையே எஞ்சிக் கிடந்தன.

1995-இல் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே, மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றத்தின் வழியாக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஆயுதங்களை ஒப்படைப்போர்க்குத் தையல் இயந்திரமோ மிதிவண்டியோ மண்வெட்டியோ வழங்கப்பட்டது. ஓர் ஊரார் 500 ஆயுதங்களைத் திரட்டிக் கொடுத்து டிராக்டர் ஒன்றைப் பெற்றனர். படுக்கையறையில் துப்பாக்கியை வைத்திருப்பது பாம்போடு உறங்குவதற்கு ஒப்பாகும் என ஆயர் மக்களுக்கு எடுத்துரைப்பார். எனினும் அவர் அறிவுரையோடு நின்றுவிடவில்லை என்பதே நம் கருத்தில் முதன்மையானது. வறியவனுக்குத் துப்பாக்கியும் ஒரு பிழைப்பு. அதனைக் கேட்பவர் வேறொரு பிழைப்பைக் கையில் கொண்டுவர வேண்டுமல்லவா? வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் என்ற எசாயாவின் வாக்கை அம்மனிதர் எழுத்துக்கு எழுத்து நம்பினார் போலும்.

பெற்ற ஆயுதங்களுள் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. சிலவற்றைத் துண்டுகளாக அறுத்துத் தலைநகர் மபூத்தோவின் கலைஞர்களிடம் அளித்தனர். 2004-இல் பிரித்தானிய அருங்காட்சியகமும் கிறிஸ்டியன் எய்டு நிறுவனமும் வேண்டிக்கொண்டதற்கிணங்க, கெஸ்டர், இலாரியோ நியாதுகெஜா, ஃபியேல் தொஸ் சாந்தோஸ், அதெலினோ செராஃபிம் மத்தே ஆகியோர் அத்துண்டுகளைப் பற்றவைத்து வாழ்வின் மரத்தை எழுப்பினர். உயரம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். எடை அரை டன். பறவையும் பல்லியும் ஆமையும் அம்மரத்தை அண்டி வாழ்கின்றன. அவையும் துப்பாக்கி உறுப்புகளே. சிற்பிகள் எதனையும் வண்ணம் பூசி மறைக்கவில்லை. அருகில் சென்றால் குழல் குழலாகவே தெரிகிறது. அழகு மட்டுமே வேண்டுமெனில் கருங்காலியில் செதுக்கியிருக்கலாம். அந்நாட்டின் வடபகுதியில் வாழும் மக்கோண்டே இனத்தார் மனித உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிச் செதுக்கும் மரத்தூண்களுக்கும் வாழ்வின் மரம் என்றே பெயர்.

இவ்வாயுதங்களுள் ஒன்றேனும் மொசாம்பிக்கில் செய்யப்பட்டதன்று. கப்பலேறி வந்த இரும்பு, 2005-இல் மரமாகிக் கப்பலேறி இலண்டனைச் சேர்ந்தது. ஆயுதம் செய்து விற்கும் நாடுகளுள் ஒன்றின் தலைநகரில் அது நிற்பது பொருத்தமே.

மக்கோண்டே மக்கள் வாழும் காபோ தெல்காதோ மாநிலத்தில் 2017 அக்டோபரில் மீண்டும் துப்பாக்கிகள் முழங்கலாயின. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்து அலைந்தனர். அத்துப்பாக்கிகளும் அம்மண்ணில் செய்யப்பட்டவை அல்ல.