குத்தகை வயலும் காணி இடாப்பும்

பிறருடைய வயலைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்யும் கமக்காரர் அவ்வயலில் எவ்வளவு செலவிடுவார் என்பது, அடுத்த போகமும் அது தம் கையில் இருக்குமா என்பதைப் பொறுத்தது. இருக்குமென நம்புபவர் வரம்பை உயர்த்திக் கட்டுவர். சீமைக்கிளுவைக் குழை வெட்டித் தாழ்ப்பர். சூடடித்த வைக்கோலை வயலிலேயே பரப்பி மட்க விடுவர். நம்பிக்கையற்றவர் அவ்வாண்டு விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு போவர். குழையின் பயன் ஒரு போகத்தில் முற்றுங் கிடைப்பதன்று. வரம்பின் பயனோ பல போகங்களுக்கு உரியது. ஆகவே பசளை பற்றி எத்துணை நல்ல புத்திமதி கூறப்படினும், உரிமை உறுதியற்ற வயலில் அது பாதியே பலிக்கும்.

முற்காலத்தில் இவ்வொழுங்குகள் யாவும் வாய்ப்பேச்சாகவே இருந்தன. சிங்களப் பகுதிகளில் அந்தே என்னும் முறைப்படி விளைவிற் பாதி காணிச் சொந்தக்காரருக்குச் சென்றது. மட்டக்களப்பிற் போடியாரின் வயலை வயற்காரர் செய்தனர். இந்நிலையை மாற்றும்பொருட்டு, அப்போது விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தன அவர்களின் முயற்சியால் 1958 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் நிறைவேறிற்று. குத்தகையை விளைவின் காற்பங்குக்கு மேற்படாது அது கட்டுப்படுத்தியது. செய்பவரை வயலிலிருந்து எழுப்புவதையுந் தடுத்தது. பின்னர் 1979 இல் கமநல சேவைகள் சட்டமும், 2000 ஆம் ஆண்டில் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. இன்று நடைமுறையிலுள்ளது இறுதியாகக் கூறப்பட்டதே.

எனினும், 1958 ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் பல இடங்களில் நிகழ்ந்தது எதிர்மாறானது. சொந்தக்காரர் பலர் குத்தகைக்காரரை எழுப்பிவிட்டு, அவர் வெறுங் கூலியாளே என்றனர். இல்லையென்று காட்ட எழுத்து எதுவும் அவரிடம் இருக்கவில்லை. சட்டம் உரிமையைத் தரலாம். அவ்வுரிமைக்குரியவர் இவரே என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ?

உழுதல், விதைத்தல், அறுத்தல் ஆகிய மூன்றில் இரண்டையேனும் செய்து, போகந்தோறும் பயிரைப் பராமரித்தோ காவல் செய்தோ வருபவரே பயிர்ச்செய்கையாளர் எனச் சட்டம் கொள்கின்றது. உழவும் அறுவடையும் கூலி இயந்திரங்களால் நடைபெறும் இக்காலத்தில், கூலி கொடுத்தவர் யார் என்பது வழக்கில் முதன்மையான வினாவாகிவிடும். உழவு இயந்திரக்காரரிடம் பெறும் சிறு துண்டுச் சீட்டையும் எறிந்துவிடலாகாது. குத்தகை நெல்லை அளந்து கொடுக்கும்போதும், திகதி, வயலின் பெயர், புசல் அளவு என்பன எழுதிய பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். சொந்தக்காரர் உறவினராயின் சீட்டுக் கேட்கக் கூச்சமாயிருக்கும். அவரது பிள்ளைகள் காணியைப் பிரிக்குங் காலத்தில் அக்கூச்சம் உதவாது.

இவற்றினும் மேலான சான்று விவசாயக் காணி இடாப்பாகும். ஒவ்வொரு வயலின் அளவு, சொந்தக்காரர், செய்பவர் ஆகிய விபரங்கள் அதிற் பதியப்படும். அதில் உள்ளது பொய்யென்று நிறுவப்படும்வரை மெய்யெனவே கொள்ளப்படும். பல வயல்களில் செய்பவர் ஒருவர், இடாப்பிலும் மானியப் பசளைப் பட்டியலிலும் இருப்பவர் மற்றொருவர். பசளைப் பையைச் சொந்தக்காரரே வாங்கித் தருகிறார் என்று செய்பவர் மகிழ்ந்திருப்பார். உண்மையில் அவ்வயலைத் தாம் செய்யவில்லை என்னும் பதிவுக்கே அவர் உடன்பட்டிருக்கிறார்.

சொந்தக்காரருக்கும் ஓர் அச்சமுண்டு. அது முற்றிலும் அடிப்படையற்றதன்று. பெயர் பதிந்தால் வயல் திரும்பாது என்றெண்ணி, சிலர் போகத்துக்கொருவராக ஆளை மாற்றுகின்றனர். அவ்வயலின் வரம்பைப் பார்த்தாலே அதன் வரலாறு தெரியும். நண்டு துளைத்த வரம்பை ஒருவரும் அடைக்கமாட்டார். களை விதை மண்ணிற் பெருகும். சில ஆண்டுகளில் குத்தகை நெல்லும் குறையும். இழப்பு இருவருக்குமே.

வயல் கைமாறினும் குத்தகைக் கமக்காரரின் உரிமை அதனால் அழியாது. வெளியூரிலிருந்து பணத்துடன் வந்து வாங்குபவர், செய்பவர் யாரென முன்னரே இடாப்பிற் பார்த்துக்கொள்வது அவருக்கும் நன்று. ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்பவோ, மண்ணை அகழ்ந்து அகற்றவோ எவருக்கும் உரிமையில்லை. ஒரு வயலை நிரப்பினால் நீர் அயல் வயல்களிலே தேங்கும். ஆதலின் இது வட்டை முழுவதன் காரியம்.

மரக்கறித் தோட்டக்காரர் கவனிக்கவேண்டியது வேறு. நெற்காணிக் குத்தகைக்காரருக்குள்ள இப்பாதுகாப்பு மேட்டுநிலத் தோட்டத்துக்கு இல்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடின் சட்டத்தில் வலுவற்றது. கிணறு இறைக்கும் உரிமை, வேலி, நட்ட மரங்கள் ஆகியன யாருக்கு என்பதும் அவ்வுறுதியில் இருத்தல் வேண்டும்.

பெயர் பதியாத நெற்செய்கையாளர் விதைப்புக்கு முன்னரே தமது பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குச் செல்லவேண்டும். அடையாள அட்டை, வயலின் பெயரும் பரப்பும், கைவசமுள்ள பற்றுச்சீட்டுகள், அயல் வயற்காரர் இருவரின் சாட்சி என்பவற்றைக் கொண்டுசெல்லல் நன்று. விண்ணப்பம் கொடுத்த அன்றே அதன் பிரதியொன்றில் திகதி முத்திரை பெற்றுக்கொள்க.