ஈடு செய்ய வேண்டிய கடன்

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, பங்கு இல்லத்துத் திண்ணையில் ஏழைத் தாய் ஒருவர் வந்து அமர்ந்தார். அவருடைய மகனை அடித்து முடமாக்கியவனுக்கு நீதிமன்றம் சிறையும் அபராதமும் விதித்து, அபராதத்திலிருந்து மகனுக்கு நஷ்டஈடு வழங்கும்படி உத்தரவிட்டிருந்தது. “பணம் கட்டாததற்கும் சேர்த்துச் சிறையில் இருந்து கழித்துவிட்டானாம், சாமி. இனி எங்களுக்கு ஒன்றும் கிடையாதாம்” என்று கண் கலங்கினார்.

ஊரார் சொன்ன இச்சொல் தவறானது. குற்றவாளியிடமிருந்து நஷ்டஈடு வாங்கித்தரும் அதிகாரத்தை 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு நீதிமன்றங்களுக்கு அளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அதுவே 395-ஆம் பிரிவு. மேல்முறையீடு முடியும்வரை அபராதத்திலிருந்து தொகை வழங்கப்படாது. அதன்பின்னும் செலுத்தாவிடில், அசையும் பொருள்களை ஜப்தி செய்யலாம். அல்லது நிலவரிப் பாக்கிபோல் வசூலிக்கக் கலெக்டருக்கு வாரண்டு அனுப்பலாம். நஷ்டஈட்டுக்கு உத்தரவு இருக்குமாயின், பணம் கட்டாமைக்கான சிறையை அனுபவித்தபின்னும் அக்கடன் தீராது. உச்சநீதிமன்றம் 2017-இல் இதை உறுதி செய்தது. ஆயினும் அபராதத்தை வசூலிக்கப் பொதுவாக ஆறாண்டுக் கெடுவே உண்டு, ஆகையால் காலந்தாழ்த்தலாகாது.

நமக்கு மேற்கே, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியை யார் மறப்பர்? 1992 ஜூன் 20-இல், சந்தனக் கட்டை தேடி வந்த அரசு ஊழியர்களால் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்குமாறும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்குமாறும் அரசுக்குக் கட்டளையிட்டது. முப்பத்தோராண்டுப் பொறுமையின் பலன் அது!

குற்றவாளி பரம ஏழையாகவோ, இன்னாரென அறியப்படாதவனாகவோ இருந்தால்? அப்போதும் வழியுண்டு. திருவண்ணாமலையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து, அரசு நிதியிலிருந்து தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது சட்டம்.

“இரத்தக் காசு வாங்கலாமா?” என்று சிலர் தயங்குகின்றனர். வழக்கை மறைக்கத் திரைமறைவில் கைமாறும் பணம் வேறு. குற்றத்தை மெய்ப்பித்தபின் நீதிமன்றம் அளிக்கும் ஈடு வேறு. முன்னது உண்மையைப் புதைக்கிறது. பின்னது உண்மைக்குச் சாட்சி பகர்கிறது. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்த சக்கேயுவை நாம் அறிவோம். இழப்பை ஈடு செய்யாத மனந்திரும்புதல் அரைகுறையே. தாமாக ஈடு செய்யாதவரைச் செய்ய வைப்பதே சட்டத்தின் வேலை.

அந்தத் தாய்க்கு மனு எழுதிக் கொடுத்து, தீர்ப்பின் நகலுடன் நீதிமன்றத்துக்கு அனுப்பினோம். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் “கேட்பது பிச்சையல்ல, உரிமை” என்று அறிந்தபின், அவர் தலைநிமிர்ந்து நடக்கிறார். உங்கள் தெருவிலும் இத்தகைய தாய் ஒருவர் இருக்கலாம். அவருடன் நீதிமன்ற வாசல்வரை நடந்து செல்ல நம்மில் ஒருவர் முன்வரக் கூடாதா?