ஆட்டக் கதையும் அழுகை மெய்ப்பாடும்

கதையை உயிராகக் கொண்ட அறிவியற் புனைவு ஆட்டங்கள் இலக்கிய ஆராய்ச்சிக்குப் புறம்பானவை என்பார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று.

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட மாஸ் எஃபெக்ட் என்னும் கணிப்பொறி ஆட்டத்தில், ஆடுவோர் செப்பர்டு என்னும் படைத்தலைவராக நின்று விண்கலம் செலுத்துவர். விர்மயர் என்னும் கோளில் ஆஷ்லி, கைடன் என்னும் தோழர் இருவருள் ஒருவரையே காத்தல் கூடும். மற்றவர் மாய்வர், 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த தொடர்ச்சிகளிலும் மீளார்.

தொல்காப்பியர் அழுகைக்கு உரைத்த நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று. சிலப்பதிகாரம் கற்பார் உணரும் இழவு இளங்கோவடிகள் வகுத்தது. இங்கோ அதனை வகுப்பவரும் எய்துபவரும் ஒருவரே. ஆகலின் அழுகையோடு பழியுணர்வும் விரவும். ஆட்டத்தின் சுவை பெரிதும் அவ்விரவலிலேயே உளது.

நீலமலை அவலாஞ்சியில் (19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த நிலச்சரிவால் அமைந்ததென்பர் இவ்வாங்கிலப் பெயர்த் திரிபு, அவலச் சுவைக்கும் இதற்கும் தொடர்பில்லை) மழைநாள் சிலவற்றில் மாணவர் இருவர் இதனை ஆடக் கண்டோம். ஒருவர் ஆஷ்லியைக் காத்தார். மற்றவர் நெடிது தயங்கிக் கைடனைக் காத்தார். முன்னைய நிலைக்கு மீண்டு மாற்றி ஆடலாமே எனின், ஆடலாம். அப்பொழுது முன்பு காக்கப்பட்டவர் மாய்வர்.